கடாரத்திற்குக் கப்பலும் வானூர்தியும்

கடாரம் தமிழ்நாட்டார்க்குப் பாடநூற் பெயர். திகாம் பத்துத் தமிழர்க்கோ அண்டை நிலம். சுங்கை பட்டாணியைக் கடந்து மெர்போக் சென்றால் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025இல் முதலாம் இராசேந்திரன் வென்ற கடாரம் இப்பகுதியே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. நம் மேடைகள் அப்போரையே முழங்குகின்றன. அதற்கு முன்னரே கடாரத்தரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்த விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். அந்நட்பைப் பேசுவோர் அரியர்.

அதே நாகையிலிருந்து நம் முன்னோர் பலர் கப்பலேறினர். 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் எனச் சுற்றி வந்தது. தளத்தில் பாய் விரித்து ஏறத்தாழ ஒரு வாரம் கிடந்து வந்தவர்களின் பிள்ளைகளே நாம். பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலின் பயணிகள் சேவை 1985ஆம் ஆண்டுத் தீ விபத்தோடு முடிந்தது. அவ்வாண்டே பினாங்குப் பாலம் திறக்கப்பெற்றது. கடல்வழி அடைபட, விமான நிலையத்திற்குத் தரைவழி திறந்தது! ஆயினும் நெடுங்காலம் கெடாத் தமிழருள் பெரும்பாலோர் கோலாலம்பூர் சென்றே தாயகம் பறந்தனர்.

2023 டிசம்பரில் மலேசியா இந்தியப் பயணிகளுக்கு விசா விலக்களித்தது. 2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னை–பினாங்கு நேர்சேவையைத் தொடங்கியது. ஒரு வாரப் பயணம் சில மணி நேரமாயிற்று. வருவோர் பினாங்கையும் லங்காவியையும் கண்டு திரும்புகின்றனர். இடையிலுள்ள கடாரத்தை எத்தனை பேர் நாடுகின்றனர்?

காண்பதற்கு ஒன்றுமில்லையா? 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த இடிபாடுகள், 1960ஐ ஒட்டி மீட்டமைக்கப்பெற்ற புக்கிட் பத்து பகாட் கோயில், அதன் அருகே அருங்காட்சியகம், சுங்கை பத்துவில் இரும்புருக்கிய தொழிற்களம் யாவும் உள. ஆனால் 2013இல் பதினோராம் எண் சண்டி வீடமைப்புப் பணிக்காக இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளியான பின்னரே நாடு விழித்தது.

பயணிகள் பெருகினால் விடுதிகளும் பெருகும். நிலத்தின் விலை ஏறும். இன்னும் அகழப்படாத மேடுகளுக்கு அதுவே இடர். ஆதலின் விடுதிக்கு மனை பிரிக்குமுன் தொல்லியல் எல்லையை அளந்து காப்பிடல் வேண்டும். வழிகாட்டும் பணி தோட்டத்து இளைஞர்க்கும் சுற்றுக் கம்பத்து மலாய் இளைஞர்க்கும் சேர்ந்தே கிட்டினால், அக்கற்களைக் காப்பதில் ஊராருக்கும் பங்குண்டாகும். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. மெர்போக்கிற்கு நாள்தோறும் ஒழுங்காகச் செல்லும் ஒரு பேருந்தும், பயிற்சி பெற்ற பத்து இளைஞரும் தொடக்கத்திற்குப் போதும்.