அவுரிச்செடியும் அந்துருண்டையும்

போன மாசம் பாப்பிரெட்டிப்பட்டி போயிருந்தப்போ, வரப்போரமா நின்ன ஒரு செடியைக் காட்டி, "இதாண்டா அவுரி, எண்ணெய் காய்ச்சுறப்ப போடுவோம்"னாங்க ஆயா. பொட்டி தட்டுற எனக்கு அப்போதான் உறைச்சுது. நான் போட்டிருந்த ஜீன்ஸோட நீலமும் இந்தச் செடி தர்ற நீலமும் ஒண்ணேதான். ஆனா ஜீன்ஸ் நீலம் ஆலையில செஞ்சது.

ஒரு காலத்தில் தென்னாற்காடு, கடப்பை, கர்னூல் பக்கமெல்லாம் அவுரி பெரிய பணப்பயிர். தழையைத் தொட்டியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் காத்துப் படுற மாதிரி அடிச்சுக் கலக்கினா, நீலம் அடியில் தங்கும். அதைக் காயவெச்சுக் கட்டியாக்கி ஏற்றுமதி செஞ்சாங்க.

ஜெர்மனியில் அடால்ஃப் பேயர் 1880-லேயே ஆய்வுக்கூடத்தில் நீலத்தைச் செஞ்சுட்டார். அப்புறம் என்ன, அவுரி உடனே ஒழிஞ்சுதான்னா, இல்லை. கணக்கு இடிச்சுது. மூலப்பொருள் விலை அதிகம், படிகளும் பல. காலேஜ் லேப்ல கை சுட்டுக்கிட்டவங்களுக்கு இது புரியும்: அஞ்சு படி, ஒவ்வொண்ணுலயும் 80 சதவீதம் தேறுதுன்னு வைங்க. கடைசியில் கையில நிக்கிறது 33 சதவீதம்தான். மூணுல ரெண்டு பங்கு போச்சு! செடி மலிவாக ஜெயிச்சுது.

1890-ல் கார்ல் ஹாய்மன் வேற வழிகளைக் கண்டுபிடிச்சார். அதில் ஒண்ணு நாப்தலீனில் ஆரம்பிப்பது. நம்ம பீரோவுல போடுற அந்துருண்டைதாங்க. நிலக்கரித் தாரில் மலிவாகக் கிடைக்கும். ஆனா அதை தாலிக் அமிலமாக்கும் முதல் படியே இழுத்தடிச்சுது. 1896-ல் ஒரு தெர்மாமீட்டர் உடைஞ்சு உள்ளே பாதரசம் கொட்ட, வினை சட்டுனு வேகமெடுத்துச்சுன்னு சொல்லுவாங்க. பாதரசம் வினையூக்கி! 1897-ல் பிஏஎஸ்எஃப் நிறுவனம் ஆலை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதுக்குள்ள ஆன செலவு சுமார் 1.8 கோடி மார்க். அந்த வருஷம் உலகத்தில் செடியிலிருந்து எடுத்த நீலம் சுமார் 19,000 டன். 1914-ல் வெறும் 1,000 டன்.

சரி, கணக்கு நேராயிடுச்சு. நஷ்டம் யார் தலையில்?

பீகாரின் சம்பாரணில் குத்தகை விவசாயிகள் 20 கத்தா நிலத்தில் 3 கத்தா அவுரி போட்டே ஆகணும். விலை விழுந்ததும் தோட்டத்துரைகள் "இனிமே அவுரி வேண்டாம், ஆனா அதுக்கு வாரத்தைக் கூட்டிக் கொடு, இல்லைன்னா மொத்தமாப் பணம் கட்டு"ன்னாங்க. சந்தையில் பட்ட அடியை அப்படியே குடியானவன் மேல இறக்கிட்டாங்க. 1917-ல் காந்தி அங்கே போனது இதுக்காகத்தான். மொத்தமா வாங்கினதில் கால் பங்கைத் திருப்பித் தரத் துரைகள் ஒத்துக்கிட்டாங்க. 1918-ல் வந்த சட்டம் அந்த 3 கத்தா முறையையே ஒழிச்சுது.

மூலப்பொருள், எரிபொருள், கூலி, தேறின அளவு... உற்பத்திச் செலவுத் தாளில் எல்லாத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. சம்பாரண் குடியானவனுக்கு மட்டும் கட்டமே இல்லை. நானும் ஆபீஸ்ல "இந்த வேலையை மெஷினே செஞ்சா எவ்வளவு மிச்சம்"னு எக்செல்ல கணக்குப் போடுறவன்தான். அடுத்த தடவை போடும்போது ஒரு வரிசை கூட்டணும்: மிச்சமாகிற இந்தக் காசு யார் பாக்கெட்லேருந்து வருது?

திண்டிவனம் பக்கம் இன்னும் அவுரி பயிரிடுறாங்க. எங்க வரப்புச் செடியில ஒரு கிளையை ஆயாவுக்கு ஒடிச்சுக் கொடுத்துட்டு வந்தேன்.