விலாவைக் கிழிச்ச காலமும் ஊசித்துளை காலமும்

போன வாரம் ஓ.பி.க்கு தரமணியிலிருந்து ஒருத்தர் வந்தார். ஆட்டோ ஓட்டுறார். ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் 2.5 செ.மீ. கல். ஆபரேஷன்னதுமே முகம் மாறிடுச்சு. "எங்கப்பாவுக்கு விலாவோரம் ஒரு ஜாண் கிழிச்சாங்க சார். நான் வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சுப் பார்க்கிறேனே?"

அந்தப் பயம் நியாயமானதுதான் மக்களே. ஏன்னு சொல்றேன்.

கல் எடுப்பது ரொம்பப் பழைய வேலை. சுஸ்ருத சம்ஹிதையிலேயே சிறுநீர்ப்பைக் கல்லுக்கு அறுவை முறை இருக்கு. ஆனா அரசன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் கத்தியைத் தொடணும். செய்யலேன்னா மரணம் நிச்சயம், செஞ்சாலும் பிழைப்பது சந்தேகம். இன்னைக்கு நாங்க கையெழுத்து வாங்குற கன்சென்ட் ஃபார்முக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா!

சிறுநீரகம் அதைவிடச் சிக்கல். விலா எலும்புக்கு அடியில், முதுகுப் பக்கமா ஒளிஞ்சிருக்கு. ரத்த ஓட்டமும் அதிகம். கல் என்னவோ 2 செ.மீ.தான். அதைத் தொட தோல், அடுக்கடுக்கா தசை, சில சமயம் விலா எலும்பில் ஒரு துண்டுகூட வெட்டணும். ஆளை மாசக்கணக்கில் முடக்கினது கல் இல்லீங்க, கல்லுக்குப் போட்ட பாதை.

1955-இல் அமெரிக்காவில் குட்வின் குழு, அடைச்சு வீங்கின சிறுநீரகத்துக்குள்ள முதுகு வழியா ஊசி போட்டு, குழாய் வச்சு சிறுநீரை வடிச்சதை எழுதினாங்க. சிறுநீர் வர்ற வழியில் கல் வராதா? இதைச் செஞ்சு காட்ட இன்னும் 21 வருஷம் ஆச்சு. 1976, ஸ்வீடன். ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன். துளையை நாள்கணக்கில் மெதுவா அகலமாக்கி, எக்ஸ்ரேயில் பார்த்தபடியே கல்லை எடுத்தாங்க. மொத்தமே மூணு நோயாளிகள். பி.சி.என்.எல். பிறந்தது அப்படித்தான்.

இப்போ பெரும்பாலும் ஒரே தடவையில், சுமார் 1 செ.மீ. துளையில் டெலஸ்கோப் விட்டு, கல்லை உடைச்சு வெளியே எடுத்துடுறாங்க.

நம்ம நாட்டுப் பங்கும் இருக்கு. குஜராத்தின் நடியாத், முல்ஜிபாய் படேல் சிறுநீரக மருத்துவமனை. டாக்டர் மகேஷ் தேசாய் குழு 2011-இல் 'மைக்ரோபெர்க்' முடிவுகளை வெளியிட்டாங்க. கேமரா பொருத்திய ஊசி, தடிமன் சுமார் 1.6 மி.மீ.! ஆனா சின்னக் கல்லுக்குத்தான். பொடியான கல் சிறுநீரோட தானா போகணும். நம்ம ஆட்டோக்காரர் கல்லுக்கு இது ஒத்துவராது.

பி.சி.என்.எல்.லிலும் ரத்தக்கசிவு, தொற்று வர வாய்ப்பிருக்கு. அதையும் அவரிடம் மறைக்கல. ஆனா 2.5 செ.மீ. கல் வாழைத்தண்டுக்குக் கரையாது. வலி நின்னா கல் போச்சுன்னும் அர்த்தமில்லை. அடைப்பு நீடிச்சா சிறுநீரகம் சத்தமில்லாம செத்துடும்.

சட்டைப் பையிலிருந்த பேனாவைக் காட்டி, "துளை கிட்டத்தட்ட இவ்வளவுதாங்க" என்றேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை நாள்ல வண்டி எடுக்கலாம் சார்?"

யூராலஜிக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். திங்கட்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார்.