பத்தில் ஒரு அங்குலம் - ரிப்பன் கேபிளும் பிரெட்போர்டும் சேர்ந்த கதை

பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறப் பட்டை ஒயர் ஞாபகம் இருக்கும். ஒரு முனை ஹார்ட் டிஸ்கில், மறுமுனை மதர்போர்டில், ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு. அதுதான் ரிப்பன் கேபிள். நம்மூர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எஃப்.ஆர்.சி. கேபிள் என்று கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுப்பார்கள். இதை பிரெட்போர்டில் எப்படிச் செருகுவது? கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் இரண்டுமே ஒரே அளவுகோலில் பிறந்தவை, இருந்தும் ஒன்றோடொன்று சேராதவை! அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் பிரெட்போர்டு. பெயரில் ரொட்டி இருப்பதற்குக் காரணம் உண்மையிலேயே ரொட்டிதான். 1920களில் வீட்டில் ரேடியோ செய்த அமெரிக்க ஆர்வலர்கள், சமையலறையில் ரொட்டி வெட்டும் மரப்பலகையை எடுத்து, அதில் ஆணியும் திருகும் அடித்து, வால்வுகளையும் காயில்களையும் பொருத்தினார்கள். (பலகையைப் பறிகொடுத்த வீட்டுக்காரம்மாக்கள் என்ன சொன்னார்களோ!) பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இன்று நாம் பார்க்கும் வெள்ளை பிளாஸ்டிக் போர்டு வந்தது வெகு காலம் கழித்து. 1960இல் ஆர்வில் தாம்ப்சன் என்பவர், துளைகளுக்கு அடியில் உலோக ஸ்பிரிங் வைத்து சால்டரிங் இல்லாமல் இணைக்கும் போர்டுக்குக் காப்புரிமை கேட்டார். இப்போதைய வடிவத்துக்கு 1971 டிசம்பரில் விண்ணப்பித்தவர் ஈ அண்ட் எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ரொனால்ட் போர்ச்சுகல். ஐந்து ஐந்து துளைகளாக உள்ளே இணைந்திருக்கும் வரிசைகள், நடுவில் ஒரு பள்ளம். துளைக்குத் துளை 0.1 அங்குலம், அதாவது 2.54 மி.மீ.

ஏன் இந்த 0.1? ஐ.சி.தான் காரணம். 1960களின் நடுவில் ஃபேர்சைல்டு நிறுவனம், பூரான் மாதிரி இருபுறமும் கால் வைத்த 14 பின் ஐ.சி. உறையை உருவாக்கியது. டிப் என்று பெயர். கால்களுக்கிடையே 0.1 அங்குலம், இரண்டு வரிசைகளுக்கிடையே 0.3 அங்குலம். அந்தப் பூரான் பள்ளத்தைத் தாண்டிக் கால் பரப்பி உட்காருவதற்காகவே பிரெட்போர்டு வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு காலுக்கும் தனி வரிசை, எதுவும் எதோடும் ஷார்ட் ஆகாது.

இப்போது ரிப்பன் கேபிள். 1956இல் கலிபோர்னியாவின் சிகாயில் நிறுவனம், அப்போது புதிதாக வந்திருந்த சிலிக்கோன் ரப்பரில் பல ஒயர்களைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரே பட்டையாக வார்த்தது. ஐ.பி.எம்., யூனிவாக் போன்ற பெரிய கம்ப்யூட்டர்களுக்குள் தடித்த உருண்டைக் கேபிள்களைத் திணித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் ரிப்பனின் உண்மையான வெற்றி, கேபிளில் இல்லை. அதன் முனையில் இருக்கும் கனெக்டரில்தான் இருக்கிறது. சாதாரணமாக 40 ஒயர் இணைக்க வேண்டுமென்றால் 40 முறை தோலுரித்து, 40 முறை சால்டர் செய்ய வேண்டும். அதில் ஒன்று தப்பினாலும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஐ.டி.சி. எனப்படும் கனெக்டரில் கத்தி மாதிரி பிளந்த பற்கள் இருக்கும். கேபிளை உள்ளே வைத்து ஒரே அழுத்து! ஒவ்வொரு பல்லும் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு தன் ஒயரைக் கவ்விக்கொள்ளும். நாற்பது வேலை ஒரு வேலையாகிவிட்டது. கூலிக் கணக்குப் பார்க்கும் முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ரிப்பனில் ஒயருக்கு ஒயர் 0.05 அங்குலம். பற்கள் மேல் வரிசை, கீழ் வரிசை என்று மாறி மாறி வருவதால் ஒவ்வொரு வரிசையிலும் துளைகளின் இடைவெளி 0.1 அங்குலம். பார்த்தீர்களா, இங்கேயும் அதே அளவு!

சரி, அளவு ஒன்றுதானே, பிரெட்போர்டில் ஒரு இரட்டை வரிசை பின்னைச் செருகி, அதன் மேல் கேபிளை மாட்ட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். கனெக்டரின் இரண்டு வரிசைகளுக்கிடையே இருப்பதும் 0.1 அங்குலம் மட்டுமே. பள்ளத்தைத் தாண்ட 0.3 வேண்டும். பள்ளத்துக்கு ஒரே பக்கத்தில் நீளவாக்கில் செருகினால், எதிரெதிர் பின்கள் இரண்டும் ஒரே ஐந்து துளை வரிசைக்குள் விழுந்து ஷார்ட் ஆகிவிடும். கனெக்டரை வெட்டிவிட்டு ஒயரை நேரடியாகச் செருகலாம் என்றால் அதுவும் நடக்காது. ரிப்பனுக்குள் இருப்பது பொதுவாக 28 கேஜ் ஒயர், அதுவும் ஏழு மெல்லிய இழைகள். பிரெட்போர்டு கேட்பதோ 22 கேஜ் ஒற்றைக் கம்பி. இழை ஒயரைத் துளையில் செருகினால் திரி மாதிரி மடங்கிக்கொள்ளும்.

இதற்கு 1970களில் கிடைத்த அழகான தீர்வு டிப் பிளக். ரிப்பனின் முனையில் ஐ.சி. மாதிரியே கால் உள்ள பிளக்கை அழுத்திப் பொருத்திவிடுவது. சாக்கெட்டோ பிரெட்போர்டோ, ஐ.சி. உட்காரும் இடத்தில் கேபிளே உட்கார்ந்துகொள்ளும். 1977இல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் கேம் கன்ட்ரோலர் மாட்டும் இடம்கூட ஒரு 16 பின் டிப் சாக்கெட்தான்.

ஆனால் எண்ணிக்கையில் ஒரு வம்பு வந்து சேர்ந்தது. இரட்டை வரிசைக் கனெக்டரில் 1, 2, 3, 4 என்று ஒயர் வரிசைப்படியே எண்கள் போகும். ஐ.சி.யில் அப்படி இல்லை. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும், கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல. ஆகவே 16 ஒயர் கேபிளில் முதல் ஒயர் டிப் பிளக்கின் 1ஆம் காலுக்கும், இரண்டாவது ஒயர் 16ஆம் காலுக்கும், மூன்றாவது 2ஆம் காலுக்கும், நான்காவது 15ஆம் காலுக்கும் போகும். பிரிண்டர் போர்ட்டில் வரும் 25 பின் கனெக்டரில் இது 1, 14, 2, 15 என்று இன்னொரு கணக்கு. ஒரே கேபிள், மூன்று எண் முறை! சிவப்புக் கோட்டை மட்டும் நம்பி மற்றதை எண்ணாமல் விட்டவர்கள் எத்தனை ஐ.சி.யைப் புகைய விட்டிருப்பார்கள் என்று யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை :-)

1981இல் வந்த பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டரில் அடிப்பக்கம் முழுக்க ரிப்பன் கேபிள் வாய்கள்தான். அதில் 20 பின் யூசர் போர்ட், வெளிச் சர்க்யூட்களை இணைத்துப் பார்ப்பதற்கென்றே வைத்தது. பிறகு 2005இல் இத்தாலியிலிருந்து ஆர்டுயினோ வந்தது. அதோடு பிரபலமானது வானவில் நிற ஜம்பர் ஒயர். நாற்பது ஒயர் பட்டையாக வரும், வேண்டியதைக் கையால் கிழித்துக்கொள்ள வேண்டும். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்று ரெசிஸ்டர் நிறக் குறியீட்டின் வரிசையிலேயே நிறங்கள். ஒன்றாகச் சேர்ப்பதற்கென்று கண்டுபிடித்த ரிப்பனை இப்போது பிரிப்பதற்கென்றே விற்கிறார்கள்!

கடைசியாக ராஸ்பெரி பை. 2012இல் 26 பின்னோடு வந்தது. 2014இல் வந்த பி ப்ளஸ் மாடலில் அது 40 ஆனது. இதற்கென்று 'டி' வடிவ அடாப்டர் போர்டுகள் கிடைக்கின்றன. 40 ஒயர் ரிப்பனை மேலே வாங்கிக்கொண்டு, இரண்டு வரிசையையும் பள்ளத்தின் இருபக்கமும் அகட்டிக் கொடுத்துவிடும். டிப் பிளக் செய்த அதே வேலைதான்.

நாற்பது பின் என்றதும் பலருக்கும் பரணில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் கேபிள் நினைவுக்கு வரும். அதுவும் 40 துளைதானே, சும்மா கிடக்கிறதே என்று தோன்றும். பெரும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்கின் வேகம் கூடியபோது பக்கத்துப் பக்கத்து ஒயர்களில் சிக்னல் ஒன்றை ஒன்று கெடுத்தது. அதனால் 1990களின் இறுதியில் ஒவ்வொரு ஒயருக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் ஒயர் சேர்த்து 80 ஒயர் கேபிள் கொண்டுவந்தார்கள். துளை என்னவோ அதே 40தான். அந்தக் கூடுதல் ஒயர்களுக்காக, கனெக்டருக்குள்ளேயே 2, 19, 22, 24, 26, 30, 40 ஆகிய துளைகள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்கில் இவை எல்லாமே கிரவுண்ட், அதனால் பிரச்சினை இல்லை. ராஸ்பெரி பையில் 2ஆம் பின் 5 வோல்ட், 30ஆம் பின் கிரவுண்ட்! மீதி ஐந்தும் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சிக்னல் பின்கள். மாட்டிய மறுகணம் எல்லாம் ஒரே முடிச்சு.

பல ஹார்ட் டிஸ்க் கேபிள்களில் தலைகீழாக மாட்டாமல் இருக்க 20ஆம் துளையை அடைத்திருப்பார்கள். பையில் அங்கேயும் ஒரு பின் உண்டு, ஆகவே கேபிள் உள்ளே போகாது. அந்த அடைப்பு எத்தனையோ போர்டுகளைக் காப்பாற்றியிருக்கும். அதையும் ஊசியால் குத்தித் திறக்கும் கெட்டிக்காரர்களை என்ன செய்வது?

இழைகளின் நெருக்கத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும். அதே அகலத்தில் ஒயர்கள் மிக மெல்லிசாக, நெருக்கமாக இருந்தால் அது 80 ஒயர் கேபிள். சந்தேகமாக இருந்தால், எதிலும் மாட்டாமல் கேபிளைத் தனியாக வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் போட்டு, 2ஆம் துளையையும் 30ஆம் துளையையும் தொட்டுப் பாருங்கள். சத்தம் வந்தால் அந்தக் கேபிள் பரணுக்கே திரும்பிப் போகட்டும்.