சரக்கும் கைமருந்தும்: யாழ்ப்பாணத் தீவகத்தில் வயிற்றுநோய்ப் பரிகாரங்களின் வரலாறு

'சரக்கு' என்னும் சொல் தமிழில் இருபொருள் படுவது. மரக்கலத்தில் ஏற்றி இறக்கப்படும் பண்டமும் சரக்கே. அம்மியில் அரைத்து மருந்தாக உட்கொள்ளப்படும் மிளகும் வேர்க்கொம்பும் சரக்கே. யாழ்ப்பாணத் தீவகத்தின் கைமருந்து வரலாற்றை ஆராயப் புகுவோர் இவ்விரு பொருளையும் ஒருசேர மனத்திற் கொள்ளுதல் வேண்டும். செமியாக்குணத்துக்கு அவித்துக் கொடுக்கும் ஓமத்தண்ணீரும், பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் காயச்சரக்கும் அம்மண்ணின் மூலிகைச் செல்வமெனப் பொதுவாகப் போற்றப்படுகின்றன. ஆயின் அவற்றிற் பெரும்பகுதி அம்மண்ணில் விளைந்ததன்று, தோணியில் வந்தது.

சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய மண் படிந்த நிலம் தீவகத்தினுடையது. அங்கு மிளகு படர்வதில்லை, கடுக்காய் காய்ப்பதில்லை, பெருங்காயமோ பாரசீகம், ஆப்கானித்தானம் ஆகிய நாடுகளின் செடியொன்றிலிருந்து வடியும் பிசின். இவையெல்லாம் ஏழைக் குடியானவனின் அடுக்களை வரை வந்து சேர்ந்தமைக்குக் காரணம் ஊர்காவற்றுறையே. அத்துறையின் தொன்மைக்கு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு சான்றாகும். கலாநிதி கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்ட அக்கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவினது. ஊராத்துறைக்குப் பரதேசிகள் வந்து தங்குதல் வேண்டுமென்றும், அவர்கள் காக்கப்படல் வேண்டுமென்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கும், வாணிபப் பண்டம் கொணரும் மரக்கலம் கெட்டால் சரிபாதியும் அரச பண்டாரத்துக்குரியன என்பது அதன் ஏற்பாடு. யானையும் குதிரையுமே வரலாற்றாசிரியரின் கண்ணைக் கவர்ந்தன. எஞ்சிய பண்டம் யாது என்பதைப் பற்றி எழுதியவர் சிலரே.

மண்ணில் இயல்பாக விளைந்த மருந்துப் பூண்டொன்றின் கதை இதற்கு நேர்மாறானது. தீவகக் கரையோர மணலில் தானாக முளைக்கும் சாயவேரைச் சித்த மருத்துவர் 'இம்பூறல்' என்பர். குருதிப் போக்கை நிறுத்தும் மருந்தென அதனைக் கொண்டாடுவர். ஒல்லாந்தருக்கோ அது துணிக்குச் செந்நிறம் ஊட்டும் வேர் மட்டுமே. அதனைத் தம் தனியுரிமைப் பொருளாக்கி, வேர்குத்தும் குடிகளிடமிருந்து கடமையாக அறவிட்டனர். வந்த சரக்கு மருந்தாயிற்று; இருந்த மருந்து சரக்காயிற்று.

இனி, மருந்துக்குக் காரணமான நோயை நோக்குவோம். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு வயிற்றின் துன்பங்களை நுணுக்கமாக வகுத்துள்ளது. செமியாக்குணம், பொருமல், புளியேப்பம், வயிற்றுக்குத்து, வயிற்றுழைவு, வயிற்றோட்டம், சத்தி, குழந்தைகளுக்குரிய மாந்தம் என வரும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு பரிகாரத்தைச் சுட்டுவன. பொருமலுக்கு உள்ளியும் பெருங்காயமும், புளியேப்பத்துக்கு நற்சீரகம் அவித்த நீர், வயிற்றோட்டத்துக்கு மாதுளங்கோது அவித்த குடிநீர் அல்லது தேசிக்காய் பிழிந்த வெறுந்தேநீர், மலச்சிக்கலுக்குக் கடுக்காய், ஆண்டுக்கு ஓரிரு முறை குடல் கழுவ ஆமணக்கெண்ணெய். இவற்றுட் பல உணவோடு உணவாகக் கலந்துவிட்டன. சோற்றின் முடிவில் மிளகிரசம் வைப்பதும், வேப்பம்பூவை வடகமாக்கி வைத்திருப்பதும், பிரண்டையைத் துவையலாக்குவதும் சமையலா மருத்துவமா எனப் பிரித்தல் எளிதன்று.

இத்துணை விரிவாக வயிற்றைப் பற்றிச் சிந்திக்கத் தீவகத்தார்க்குக் காரணம் இருந்தது. முதலாவது நீர். மழைநீர் நிலத்துட் புகுந்து உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கோடையில் அப்படலம் சுருங்கக் கிணறுகள் உவராகின்றன. நெடுந்தீவில் நன்னீர் தரும் கிணறுகள் சில இடங்களிலேயே உள்ளன. ஒரே கிணற்றைப் பலர் நாடுமிடத்தில் நோயும் பகிரப்படும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. இரண்டாவது பனை. நெல் விளையாத காலத்தில் ஒடியல் மாவே பசி தீர்த்தது. ஒடியல் வயிற்றை ஊதச்செய்யும், கைப்புடையது என்பது எவரும் அறிந்ததே. மாவை நீரில் ஊறவிட்டு வடித்த பின்னரே கூழிலும் பிட்டிலும் சேர்ப்பது வழக்கம். இவ்வழக்கை வெறும் சுவை பற்றியது எனக் கொள்வதற்கில்லை. பேராதனையில் அர்சகுலரத்தினவும் பிறரும் எலிகளுக்குப் பனங்கிழங்கு மாவை ஊட்டி ஆராய்ந்து, அதில் நச்சியல்பு உண்டென 1971இல் வெளியிட்டனர். கிழங்கை அவித்துப் புழுக்கொடியலாக்குவதையும், மாவின் முதல் நீரைக் கொட்டிவிடுவதையும் அம்முடிவின் ஒளியில் மீண்டும் நோக்குதல் தகும்.

ஏட்டு மருத்துவம் இதனின் வேறானது. யாழ்ப்பாண அரசர் காலத்தெழுந்த செகராசசேகரமும் பரராசசேகரமும் நோய்களை நிதானித்து, குளிகை, சூரணம், இலேகியம் என மருந்துகளை அளவோடு வகுப்பன. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பரராசசேகரத்தைப் பதிப்பித்தமையாலேயே அது அழியாது நமக்குக் கிடைத்தது. கிராணி, குன்மம் போன்ற நாட்பட்ட நோய்கள் பரிகாரியாரின் ஆளுகைக்குரியவை. அவற்றிற் கைமருந்து செல்லாது. இந்த எல்லையைப் பழைய சமூகம் அறிந்திருந்தது என்பதே ஈண்டு முக்கியமானது. (நயினாதீவை மணிமேகலையின் மணிபல்லவமாகக் கொள்வோர் உளர். அக்காவியத்தில் காயசண்டிகையின் தீராப் பசிநோய் மருந்தால் தீராது, அமுதசுரபியின் சோற்றாலேயே தீர்கின்றது. வயிற்றுநோய் பற்றிய கதைகளுள் இதுவும் ஒன்றே.)

அவ்வெல்லை பெருஞ்சோதனைக்கு உள்ளாகியது கொலராவின் வருகையால். 1866இலும் அடுத்த ஆண்டிலும் யாழ்ப்பாணத்தை அந்நோய் வாட்டியது. அப்போது மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இந்த அமெரிக்க மிசன் மருத்துவர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். சுதேச மருத்துவத்தின் நோயறிமுறையை அவர் ஏற்றவரல்லர். எனினும் கடைச்சரக்கை அவர் ஒதுக்கவில்லை. வோறிங் 1868இல் தொகுத்த இந்திய மருந்து நூலைப் பின்னர் 'இந்து பதார்த்த சாரம்' எனத் தமிழாக்கினார். ஓமமும் பெருங்காயமும் கடுக்காயும் அந்நூலில் இடம்பெற்ற சரக்குகளே. அடுக்களை மருந்து அச்சேறி மேனாட்டு மருத்துவனின் கைக்குச் சென்ற பாதை இது.

ஓமத்தின் பயணம் அத்தோடு முடியவில்லை. ஓமநெய்யின் முதன்மைக் கூறு தைமோல். கொளுக்கிப்புழு நோயை ஒழிக்க றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916 அளவில் இலங்கையில் தொடங்கிய இயக்கத்தில் கையாண்ட மருந்துகளுள் தைமோலும் ஒன்று. பாட்டி அவித்த நீரில் இருந்ததும் தோட்டத் தொழிலாளிக்குக் கொடுத்த மருந்திலிருந்ததும் ஒரே பொருள், அளவுதான் வேறு. பாட்டியின் நீரால் புழு சாகாது. தைமோல் மருந்தோ அளவு மிஞ்சினால் ஆளையே கொல்லவல்லது.

கொலராவில் மருந்தைவிட உணவு விதியே பெரும் வினாவாக இருந்தது. 'இலங்கனம் பரம ஔடதம்' என்பது பழைய கொள்கை. செமியாக்குணத்துக்கு அது முற்றும் பொருந்தும். உண்டது செமிக்கும்வரை வயிற்றை ஓயவிடுதல் நன்றே. ஆயின் வயிற்றோட்டத்துக்கும் அதே விதியை நீட்டித்து, குடித்தால் மேலும் போகும் என்று நீரையும் மறுத்த வீடுகளில் நோயாளி, சிறப்பாகக் குழந்தை, நீரிழந்தே இறந்தது. அக்காலத்து மேனாட்டு மருத்துவமும் இதில் மேம்பட்டதன்று. கலோமெலும் அபினும் கொடுத்து வந்தது. உப்பிட்ட கஞ்சித்தண்ணீரைச் சிறுகச் சிறுகப் புகட்டிய வீடே இருதிறத்தாரினும் சரியாக நடந்துகொண்டது. அதற்கான விஞ்ஞான விளக்கம் வருவதற்கு ஒரு நூற்றாண்டு சென்றது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமொன்றில் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி கொடுத்தபோது, நூற்றுக்கு முப்பது அளவிலிருந்த இறப்பு நான்கிற்கும் கீழே இறங்கியது. பின்னர் அரிசிமாவைக் கொண்டு செய்த கரைசலும் கொலராவில் நன்கு பயன்படுவதாக டாக்காவில் நிறுவப்பட்டது. இலங்கையில் அக்கரைசல் 'ஜீவனி' என்னும் பெயரில் பொதிகளாக வழங்குகிறது. எனினும் ஓர் எச்சரிக்கை: கஞ்சி புகட்டிய வீடுகள் அதன் காரணத்தை அறிந்து புகட்டியதாகக் கொள்ளலாகாது. அறிந்திருப்பின், இலங்கனம் போட்ட அயல்வீட்டைத் தடுத்திருப்பர்.

கடல் சரக்கைக் கொணர்ந்தது போலவே நோயாளியைத் தடுத்தும் நின்றது. வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு இணைந்துள்ளன. நயினாதீவும் நெடுந்தீவும் இன்றும் படகையே நம்பியுள்ளன. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். அதன் பின் தரைவழி. கச்சான் காற்று வீசும் நாளில் படகும் இல்லை. இந்நிலையிற் கைமருந்து முதல் மருந்தாக மட்டுமன்றி, விடியும்வரை ஒரே மருந்தாகவும் இருந்தது. வயிற்றுக்குத்து எனக் கருதி ஆமணக்கெண்ணெய் கொடுக்கப்பட்டது குடல்வால் அழற்சியாக இருப்பின், பேதி மருந்து குடல்வாலை வெடிக்கச் செய்யலாம். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக நிலைத்துள்ள நெருப்புக் காய்ச்சலிலும் பேதி கொடுத்தல் அத்தகைய ஆபத்தே. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் தீவகம் படையினர் வசமும் குடாநாடு புலிகள் வசமுமாகப் பிரிந்தன. யாழ்ப்பாண வைத்தியசாலைக்கான வழி பெரிதும் அடைபட்டது. குடாநாட்டிலோ பொருளாதாரத் தடையால் மருந்துகள் அருகின. வேர்க்கொம்பும் மல்லியும் மீண்டும் முதன்மை பெற்றது விருப்பத்தால் அன்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984இல் சித்த மருத்துவக் கல்வி தொடங்கியது. ஏட்டுமரபு அதனால் ஒரு நிலைபேறு பெற்றது. கைமருந்துக்கோ அத்தகைய காவல் இல்லை. இன்று அது மாத்திரையும் கூடுகுளிகையுமாகக் கடைகளில் வைக்கப்பட்டுள்ளது. திரிபலா வில்லையை நாள்தோறும் விழுங்குவோர், கடுக்காய் பேதிமருந்தென்பதை எண்ணுவதில்லை. அடுக்களையில் அளவைத் தீர்மானித்தது நாக்கு. கைப்பும் காரமும் மிகுந்தால் எவரும் மேலும் குடியார். கூட்டிலடைத்த மருந்துக்குச் சுவை இல்லை.

பழமையும் காவலாகாது என்பதற்கு வசம்பு ஒன்றே போதும். மாந்தத்துக்குச் சுட்டுரைத்துக் குழந்தையின் நாவில் தடவப்பட்ட சரக்கு அது. 'பிள்ளைவளர்ப்பான்' என்பது அதற்கு இட்ட பெயர். அதன் நெய்யிலுள்ள அசரோன் என்னும் பொருள் எலிகளிற் புற்றுநோயை விளைப்பது கண்டு, அமெரிக்கா 1968இல் வசம்பை உணவிற் சேர்ப்பதைத் தடை செய்தது. வசம்பின் எல்லா இனங்களிலும் அப்பொருள் ஒரே அளவில் இல்லை. இருமடிய இனத்தில் அது ஏறத்தாழ இல்லை எனலாம், இந்திய இனத்திலோ மிகுதி. தீவகத்துக் குழந்தைகளின் மணிக்கட்டில் வளையலாகக் கோக்கப்படும் வசம்பும் தோணிவழி வந்த அந்தச் சரக்கின் வழித்தோன்றலே.