மும்பையில் மாற்றுத்திறனாளிகளின் செவிலியர் கல்வி

மும்பையில் உடற்குறை உள்ள ஒருவர் செவிலியர் படிப்பில் சேர முடியுமா என்பதை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்திய நர்சிங் கவுன்சிலின் சேர்க்கை விதிகளும் தீர்மானிக்கின்றன. சட்டம் கதவைத் திறக்கிறது. விதிகள் அதை ஒருக்களித்து வைக்கின்றன.

2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களையும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வையும் தருகிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த ஒதுக்கீடு 3 விழுக்காடாக இருந்தது.

நர்சிங் கவுன்சிலும் 5 விழுக்காட்டை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதன் விதிப்படி அந்த இடங்கள் காலில் மட்டும், அதுவும் 40 முதல் 50 விழுக்காடு வரை இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கே உரியவை. கை, கண், காது ஆகியவற்றில் குறை உள்ளவர்களுக்கு இந்த ஒதுக்கீட்டில் இடமில்லை. இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பிய பெண்ணின் சான்றிதழில் 48 என்று இருந்தால் தகுதி உண்டு. 55 என்று இருந்தால் இல்லை. 40-க்குக் கீழே உள்ளவர், உடல்தகுதிச் சோதனையில் தேறினால், பொதுப்பட்டியலில் போட்டியிட வேண்டியதுதான். விழுக்காடு காலின் நிலையை அளக்கிறதே தவிர, அந்தப் பெண் வார்டில் எப்படி நடமாடுவாள் என்பதைச் சொல்வதில்லை. தேர்வுக் குழுவில் மருத்துவருடன் நர்சிங் வல்லுநர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதியில் உள்ள நல்ல அம்சம்.

கவுன்சிலின் தயக்கத்தை வெறும் பாகுபாடு என்று தள்ளிவிட முடியாது. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவது, மூச்சு நின்றவரின் நெஞ்சை விடாமல் அழுத்துவது, இரவு டியூட்டி முழுக்க நின்றபடியே இருப்பது எல்லாம் அன்றாட வேலைகள். அதே சமயம், கனமான நோயாளியை எந்த நர்சும் தனியாகத் தூக்கக் கூடாது. தடுப்பூசி, வெளிநோயாளர் பிரிவு, தொற்றுத் தடுப்பு, கற்பித்தல் போன்ற பணிகளில் கால் வலுவைவிடக் கவனமே முக்கியம். சிக்கல் பயிற்சிக் காலத்தில்தான் இருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு ஒரு பிரிவில் நிலைகொள்ளலாம். மாணவியோ மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள் என எல்லா வார்டுகளையும் சுற்றி வந்தாக வேண்டும்.

இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 1979-இல் போனது. கேட்கும் திறன் குறைந்த பிரான்சஸ் டேவிஸ் என்பவரை வட கரோலினாவின் சவுத்ஈஸ்டர்ன் கம்யூனிட்டி கல்லூரி நர்சிங் படிப்பில் சேர்க்க மறுத்தது. படிப்பின் அடிப்படையையே மாற்ற வேண்டிய கடமை கல்லூரிக்கு இல்லை என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கல்லூரியின் பக்கம் நின்றார்கள்.

இந்திய உச்ச நீதிமன்றம் அண்மையில் வேறு பாதையில் நடக்கிறது. மகாராஷ்டிர மாணவர் ஒருவர் தொடுத்த ஓம்கார் ராம்சந்திர கோண்ட் வழக்கில், விழுக்காட்டை மட்டும் காட்டி எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கக் கூடாது, படிக்க முடியுமா என்பதை மதிப்பீட்டுக் குழு ஆராய வேண்டும் என்று 2024 அக்டோபரில் கூறியது. இரண்டு கைகளும் குறையின்றி இருக்க வேண்டும் என்ற மருத்துவப் படிப்பு நிபந்தனையை 2025 பிப்ரவரியில் அன்மோல் வழக்கில் ஏற்க மறுத்தது. இவை மருத்துவப் படிப்பைப் பற்றிய தீர்ப்புகள். ஆனாலும் டாக்டருக்குப் பொருந்தும் நியாயம் நர்சுக்குப் பொருந்தாது என்று வாதிடுவது கடினம்.

மும்பையில் குறைபாட்டை மதிப்பிடும் இடங்களில் முக்கியமானது, 1955-இல் தொடங்கப்பட்ட ஹாஜி அலி அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம். தமிழர்கள் வாழும் தாராவிக்கு மிக அருகில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி சயன்தான். லோக்மான்ய திலக் மருத்துவமனை என்று பெயர்ப்பலகையில் இருந்தாலும் பேச்சில் அது சயன் ஆஸ்பத்திரிதான். மாநகராட்சியின் அந்த மருத்துவமனையில் செவிலியர் பள்ளியும் உண்டு. பி.எஸ்சி. படிக்க எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் லீலாபாய் தாக்கர்சி கல்லூரி (1964) இருக்கிறது. அதற்குச் சர்ச்கேட் வரை போக வேண்டும். மாட்டுங்கா, செம்பூர் மாணவிக்கும் அது ரயில் பயணமே. லோக்கலில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பெட்டி உண்டு என்றாலும் பல நிலையங்களில் பிளாட்பாரப் படிகளை ஏற வேண்டியிருக்கும்.

தாராவித் தமிழருக்கு மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் இன்னொரு பொருளும் உண்டு. பட்டியல் சாதிச் சலுகை பூர்வீக மாநிலத்தோடு கட்டப்பட்டது. 1950-க்குப் பின் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் மகாராஷ்டிரத்தில் அதைக் கோர முடியாது என்பது 1994-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் உறுதியானது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோ நாடு முழுவதும் செல்லும். அதைப் பெறப் பாட்டன் ஊரைக் காட்ட வேண்டியதில்லை. இப்போது வசிக்கும் இடத்தின் முகவரி போதும்.