புனேவுக்கு முன்பே தரமணி

நான் தங்கியிருக்கும் ஏரவாடாவிலிருந்து சட்டக் கல்லூரிச் சாலைக்குச் செல்ல ஊரைக் குறுக்காகக் கடக்க வேண்டும். ஏரவாடா என்றதும் சிறையும் 1932ஆம் ஆண்டின் புனா ஒப்பந்தமும் நினைவுக்கு வரும். சட்டக் கல்லூரிச் சாலை என்றால் திரைப்படக் கல்வி. இந்தியத் திரைப்படக் கல்வி 1960இல் அங்கேதான் பிறந்தது என்று ஆய்வேடுகளிலும் தயக்கமின்றி எழுதப்படுகிறது. இக்கூற்றை ஏற்பதற்கில்லை.

எஸ். கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு 1951இல் அளித்த அறிக்கையில் பயிற்சி நிறுவனம் ஒன்றைப் பரிந்துரைத்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, மூடப்பட்டிருந்த பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் அது உருப்பெற்றது. (அதே பிரபாத் 1934இல் 'சீதா கல்யாணம்' என்ற தமிழ்ப் படத்தைத் தயாரித்தது என்பதை இங்குள்ள தமிழ் மாணவர்களே அறிந்திருப்பதில்லை.) ஆனால் சென்னையின் மத்திய பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பொறியியலும் 1945லேயே பாடங்களாகிவிட்டன. பின்னாளில் தரமணித் திரைப்படக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. பெங்களூர் பாலிடெக்னிக்கில் படித்து வெளிவந்த வி. கே. மூர்த்தி, புனே நிறுவனம் தொடங்குமுன்பே குரு தத்தின் 'பியாசா'வுக்கு ஒளிப்பதிவு செய்து முடித்திருந்தார்.

பிறகு ஏன் 1960? பாலிடெக்னிக் கற்பித்தது தொழில். கேமராவும் ஒலிக்கருவியும் அங்கே பொறியியலின் கிளைகள். புனே நெறியாளரைப் படைப்பாளியாக முன்னிறுத்தியது. ரித்விக் கட்டக் அங்கு ஆசிரியராக இருந்த காலம் குறுகியதே. எனினும் மணி கௌல், குமார் ஷஹானி, ஜான் ஆபிரகாம் ஆகியோர் வழியாக அக்காலம் தொன்மம் போலாகிவிட்டது. தொன்மம் வாய்த்த இடத்தையே வரலாறு தொடக்கமாகக் கொள்கிறது. கைவினையைக் கல்விக்கு ஒருபடி கீழே வைக்கும் நம் பழக்கமும் இதில் கலந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

இப்பிரிவினை புனேவுக்குள்ளேயும் இருந்தது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியிலிருந்து வந்த பாலு மகேந்திரா விரும்பியது இயக்கம். இடம் கிடைத்தது ஒளிப்பதிவில். 1969இல் தேறியவர் ஒளிப்பதிவாளராகவே தொழிலில் நுழைந்து, 1977இல் கன்னடத்தில் 'கோகிலா'வை இயக்கினார். அதே ஆண்டு, எல்.ஐ.சி. வேலையை உதறிவிட்டுப் புனேவில் பயின்ற மலையாளியான ஜான் ஆபிரகாம், தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை'யை எடுத்தார்; சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. புனே தமிழுக்கு அளித்த முதன்மையான கொடைகளுள் இரண்டு, ஓர் ஈழத்தமிழரும் ஒரு கேரளத்தவரும்.

மொழியியல் படித்தவன் என்பதால் ஒரு சொல்லைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. 1986இல் 'ஊமை விழிகள்' வெளிவந்தபோது அதை எடுத்தவர்களைத் 'திரைப்படக் கல்லூரி மாணவர்கள்' என்றே தமிழகம் அழைத்தது. பாலிடெக்னிக்கில் வேர்கொண்ட நிறுவனத்தை மக்கள் கல்லூரி என்றார்கள். ஆய்வாளர்களாகிய நாம்தான் இன்னும் அதைப் பட்டறை என்று கருதி, ஆண்டுக் கணக்கை 1960இலிருந்து தொடங்குகிறோம்.