வெயிலுக்கு விலை வந்த வரலாறு

விஞ்ஞானத்தின் வரலாற்றை மேதைகளின் பெயர்ப்பட்டியலாக எழுதிவைப்பது நமது பாடநூல்களில் வேரூன்றிவிட்ட வழக்கம். இன்ன ஆண்டில் இன்னார் இதனைக் கண்டுபிடித்தார் என்று மாணவன் மனனம் செய்கிறான், பரீட்சையில் எழுதுகிறான், பின்னர் மறந்துவிடுகிறான். அக்கண்டுபிடிப்புக்கு யார் செலவு செய்தனர், யாருடைய தேவை அதனை வளர்த்தது, அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் வகுப்பறைக்குள் வருவதில்லை. சூரிய ஒளியிலிருந்து நேராக மின்சாரம் பெறும் தொழிலின் வரலாற்றை இவ்வினாக்களோடு அணுகுவதே இங்கு நாம் மேற்கொள்ளும் முயற்சி. உலகின் பிரதான மின்வளமாக வளரக்கூடிய இத்தொழில் வருங்காலத்தில் எத்திசையிற் செல்லும் என்பதை, அது கடந்துவந்த பாதையை அறியாமல் மதிப்பிட இயலாது.

1839ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு இளைஞர் எட்மண்ட் பெக்கரல், தமது 19ஆவது வயதில், திரவத்தில் அமிழ்த்திய உலோகத் தகடுகளின் மீது ஒளி பட்டபோது மின்னோட்டம் எழுவதைக் கண்டார். 1883இல் அமெரிக்கரான சார்ள்ஸ் பிரிற்ஸ், செலீனியத்தின் மீது மெல்லிய பொற்படலம் பூசி ஒரு மின்கலத்தை அமைத்தார். அதன் மேல் விழுந்த ஒளியின் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கே மின்சாரமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேதான் நியூயோர்க்கில் எடிசனின் நிலக்கரி மின்நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. நிலக்கரி அன்றே மலிவானது. வெட்டியெடுத்து, நிறுத்து, விலைக்கு விற்கத்தக்கது. செலீனியக் கலமோ விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளாகவே நின்றது. அது எவ்வாறு இயங்குகிறது என்பதும் அன்று எவருக்கும் விளங்கவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் ஒளியின் இயல்பு பற்றி எழுதிய கட்டுரையே அவ்விளக்கத்துக்கு வழி திறந்தது.

இதற்கிடையில் வேறொரு வழியிலும் சூரியனைப் பணிகொள்ள ஒரு முயற்சி நிகழ்ந்தது. 1913இல், எகிப்தின் கெய்ரோ நகருக்கு அண்மையிலுள்ள மாதி என்னும் இடத்தில், அமெரிக்கப் பொறியியலாளர் பிராங் சூமன் நீண்ட வளைகண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, நீராவி எழுப்பி, நைல் நதி நீரை வயல்களுக்கு இறைத்துக் காட்டினார். இது மின்சாரமன்று, வெப்ப இயந்திரம். ஆயினும் அதன் பின்னணி நமது கவனத்துக்குரியது. எகிப்திலே நிலக்கரி இல்லை, கப்பலேறி வரவேண்டும், விலையோ அதிகம். பிரித்தானிய ஆலைகளுக்குப் பருத்தி வேண்டும். பருத்திக்கு நீர் வேண்டும். ஆகவே எகிப்தில் பிரித்தானிய அதிகாரத்தைச் செலுத்திவந்த கிச்சனர் பிரபு இம்முயற்சியில் ஆர்வம் காட்டினார். 1914இல் உலகப்போர் மூண்டது. மாதி நிலையம் சிதைந்தது. போருக்குப் பின்னர் மலிந்து பெருகிய எண்ணெய் சூமனின் கனவை மூடிவிட்டது. வெயிலின் மதிப்பைப் பேரரசின் தேவை உயர்த்தியது. எண்ணெயின் விலை தாழ்த்தியது. இந்த ஏற்றமும் இறக்கமும் பின்னரும் திரும்பத் திரும்ப நிகழ்ந்தன.

இன்றைய சூரிய மின்கலத்தின் பிறப்பு 1954ஆம் ஆண்டுக்குரியது. அமெரிக்கத் தொலைபேசித் துறையில் ஏகபோகம் செலுத்திய பெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கனாலான கலத்தை உருவாக்கினர். தூய சிலிக்கனின் ஒரு புறத்தில் ஒருவகைப் பொருளையும் மறுபுறத்தில் வேறுவகைப் பொருளையும் மிகச் சிறிதளவு கலந்தால், இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் உண்டாகிறது. ஒளி இலத்திரன்களை விடுவிக்க, மின்புலம் அவற்றை ஒரு திசையில் தள்ளுகிறது. அசையும் உறுப்பு எதுவுமின்றி மின்சாரம் பிறக்கிறது. அக்கலத்தின் திறன் நூற்றுக்கு 6 பங்கு. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் தொலைபேசிக் கருவிகளின் பற்றரிகள் விரைவிற் பழுதடைந்தமையே இவ்வாராய்ச்சியைத் தூண்டியது. ஆனால் ஒரு வாற்று மின்சாரம் தரும் கலத்துக்கு அன்று ஏறத்தாழ 286 டொலர் செலவாகுமெனச் சாப்பின் கணக்கிட்டார். அவ்விலையில் ஒரு சாதாரண வீட்டுக்கு மின்சாரம் பெறப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் வேண்டும்.

இத்தகைய பொருளை வாங்க யார் முன்வருவர்? விலையைப் பொருட்படுத்தாத ஒருவரே. அவர் வல்லரசின் வடிவில் வந்தார். 1958 மார்ச்சில் அமெரிக்கா செலுத்திய வான்கார்ட்–1 என்னும் செயற்கைக் கோளில் சாதாரண பற்றரியும் இருந்தது. சூரியக் கலங்களும் இருந்தன. பற்றரி சில வாரங்களில் ஓய்ந்துவிட, சூரியக் கலங்களால் இயங்கிய ஒலிபரப்பி 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. 1958 மே மாதத்தில் சோவியத் யூனியன் செலுத்திய ஸ்புட்னிக்–3உம் சூரியக் கலங்களைச் சுமந்து சென்றது. கெடுபிடிப் போரின் இரு தரப்பும், மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு, சந்தை வளர்க்க மறுத்த ஒரு தொழிலைத் தாங்கி நின்றன.

1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது சூரியக் கலத்தின் மீது எண்ணெய்க் கம்பனிகளின் பார்வையும் விழுந்திருந்தது. எக்சன் கம்பனியின் ஆதரவுடன் எலியட் பேர்மன் நடாத்திய நிறுவனம், ஒரு வாற்றின் விலையை ஏறத்தாழ 100 டொலரிலிருந்து 20 டொலருக்குக் குறைத்தது. அக்கலங்களைப் பெருமளவில் வாங்கியோர் யாரெனின், கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டிய கம்பனிகளே! மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளை எரிக்க அவை பயன்பட்டன. 1979இல் சனாதிபதி காட்டர் வெள்ளை மாளிகையின் கூரையில் 32 சூரியத் தகடுகளை அமைத்தார். அவை நீரைச் சூடாக்குவன. ரேகன் ஆட்சியில் சூரிய ஆராய்ச்சிக்கான அரச நிதி வெட்டப்பட்டது. 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. அதே ஆண்டில் அத்தகடுகளும் கூரையிலிருந்து இறக்கப்பட்டன. தனியார் இலாபத்தின் கையில் விடப்பட்ட ஒரு விஞ்ஞானம், எண்ணெய் விலையோடு ஏறி எண்ணெய் விலையோடு இறங்கியதை இக்காலம் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது.

அச்சுழலிலிருந்து அது மீண்டது எவ்வாறு? எண்ணெய் வளமற்ற யப்பான் 1974இலேயே நீண்டகால அரச ஆராய்ச்சித் திட்டமொன்றைத் தொடங்கி, எண்ணெய் மலிந்த காலத்திலும் அதனைக் கைவிடாது தொடர்ந்தது. ஜேர்மனி 1990இல் ஆயிரம் கூரைகள் என்னும் திட்டத்தை ஆரம்பித்தது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், சூரிய மின்சாரத்தை உற்பத்தி செய்வோருக்கு 20 ஆண்டுகளுக்கு நிலையான, சந்தையிலும் உயர்ந்த விலையை உறுதி செய்தது. அவ்வுயர்ந்த விலையைச் சுமந்தோர் மின்பாவனையாளர்களே. 2022இல் அம்மேலதிகக் கட்டணம் நீக்கப்படும்வரை, வாடகை வீட்டிலிருந்த ஜேர்மன் தொழிலாளியும் ஒவ்வொரு அலகு மின்சாரத்தோடும் அதனைச் செலுத்திவந்தார். மின்சாரத்தை மிகுதியாகப் பயன்படுத்திய பெருந்தொழிற்சாலைகளுக்கோ சலுகை அளிக்கப்பட்டது. உலகம் முழுவதும் இன்று அனுபவிக்கும் மலிவான சூரியத் தகட்டுக்கு அந்நாட்டு உழைப்பாளர் தமது குடும்பச் செலவிலிருந்து ஒரு பங்கு கொடுத்துள்ளனர் எனின் அது மிகையாகாது.

ஜேர்மனி உண்டாக்கிய சந்தைக்குச் சீனா உற்பத்தி செய்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மார்ட்டின் கிறீனிடம் பயின்ற சீ செங்றொங், 2001இல் வூசி நகரில் சன்ரெக் என்னும் கம்பனியை நிறுவினார். ஆரம்ப முதலீட்டின் பெரும்பங்கு உள்ளூராட்சியின் தூண்டுதலால் வந்தது. 2005இல் அக்கம்பனி நியூயோர்க் பங்குச் சந்தையில் ஏறியது, அவர் பெருஞ்செல்வரானார். 2013இல் அக்கம்பனியின் பிரதான ஆலை நிறுவனம் கடனிறுக்க இயலாது முறிந்தது. எனினும் தொழிலாளர் கற்ற திறனும் இயந்திரங்களும் நாட்டிலேயே நின்றன. இன்று சூரியத் தகட்டின் ஒவ்வொரு உற்பத்திக் கட்டத்திலும் உலகின் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் சீனாவில் நிகழ்கிறது. மொத்த உற்பத்தி இருமடங்காகும் ஒவ்வொரு தடவையும் விலை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்துவந்தது. சிலிக்கன் தகட்டை மேலும் மெல்லியதாக அறுத்தல், வெள்ளியைச் சிக்கனப்படுத்தல், ஆலைகளைப் பெரிதாக்கல் என்னும் நூற்றுக்கணக்கான சிறு முன்னேற்றங்களின் திரட்சியே இது. ஒரு தனி மேதையின் பெயரை இதற்குச் சூட்ட முடியாது.

உலகில் நிறுவப்பட்ட சூரிய மின்னாற்றல் 2022இல் பத்து இலட்சம் மெகாவாற்றைத் தாண்டியது. 2024இல் அது இருமடங்காயிற்று. இவ்வெற்றியின் உச்சியிலேயே ஒரு முரண்பாடு வெடித்தது. ஆலைகள் சந்தை கொள்ளும் அளவுக்கு மேல் உற்பத்தி செய்தன. தகட்டின் விலை அடக்க விலைக்கும் கீழே வீழ்ந்தது. 2024இல் சீனத்துப் பெருங்கம்பனிகள் நட்டத்தில் மூழ்கிப் பல்லாயிரம் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கின. அதே ஆண்டில் உலகில் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரமின்றி இருந்தனர்; அவர்களுட் பெரும்பாலோர் வெயிலுக்குக் குறைவற்ற ஆபிரிக்காவில் வாழ்பவர்கள். பண்டகசாலையிலே தகடுகள் குவிந்து கிடக்கின்றன. குடிசையிலே மண்ணெண்ணெய் விளக்குப் புகைகிறது. வாங்கும் சக்தியற்ற தேவையைச் சந்தை தேவையெனக் கொள்வதில்லை.

தகட்டின் பளபளப்புக்குப் பின்னாலுள்ள உழைப்பையும் நிலத்தையும் நாம் மறத்தலாகாது. சிலிக்கனைத் தூய்மையாக்க மிகுந்த மின்சாரம் வேண்டும். சீனாவின் சின்ஜியாங் பகுதியில் மலிவான நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டே அது பெருமளவில் நடைபெற்றது. அங்கு உய்குர் மக்கள் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டின் பேரில் 2021இல் அமெரிக்கா இறக்குமதித் தடைச் சட்டம் இயற்றியது. சீன அரசு அதனை மறுக்கிறது. அமெரிக்காவின் கண்டனத்தில் வர்த்தகப் போட்டியின் நலன் கலந்திருத்தல் கூடும். அதனால் தொழிலாளியின் நிலை பற்றிய வினா பொய்யாகிவிடாது. கர்நாடகத்தின் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் விவசாயிகளிடமிருந்து குத்தகைக்குப் பெறப்பட்டு, 2,000 மெகாவாற்றளவு ஆற்றலுடைய சூரிய நிலையம் அமைந்தது. வறட்சியால் நலிந்த நில உடைமையாளருக்கு ஆண்டுதோறும் குத்தகைப் பணம் வருகிறது. அந்நிலத்திற் கூலிக்கு உழைத்த நிலமற்றோருக்கும் ஆடு மேய்த்தோருக்கும் அத்தகைய ஈடில்லை.

இனி வருங்காலம். ஒரே வகைச் சந்தியுள்ள கலத்தின் திறனுக்கு நூற்றுக்கு 33 பங்களவில் ஓர் எல்லை உண்டென்பது 1961இல் சொக்லியும் குவைசரும் நிறுவிய முடிவு. சிலிக்கன் மீது பெரோவ்ஸ்கைற்று என்னும் வேறொரு படலத்தை அடுக்கிய கலங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அவ்வெல்லையைக் கடந்து 34 பங்கை எட்டியுள்ளன. அவை வெயிலிலும் மழையிலும் பல்லாண்டு நிலைக்க வேண்டும் என்பதே எஞ்சிய சோதனை. இரவுக்கு மின்சாரம் வேண்டுமெனின் பற்றரிகளும், மலைநீர்த் தேக்கங்களும், தூர இடங்களை இணைக்கும் கம்பிகளும் வேண்டும். தகட்டின் ஆயுள் 25 முதல் 30 ஆண்டு. 2050அளவில் கழிவுத் தகடுகள் 7 கோடியே 80 இலட்சம் தொன் வரை சேரலாமென 2016இல் சர்வதேச நிறுவனமொன்று மதிப்பிட்டது. இவை கடினமான பணிகள், ஆயினும் தீர்க்கத்தக்கவை. ஆனால் மின்வலையமைப்பும் சேமிப்பும் கழிவகற்றலும் தனித்தனி வீட்டாராலோ தனித்தனிக் கம்பனியாலோ நிறைவேற்றத்தக்கன அல்ல. கூட்டாகத் திட்டமிட்டே அவற்றைச் செய்தல் வேண்டும்.

நமது நாட்டின் அனுபவமும் இதனையே உரைக்கிறது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி 2022 மார்ச் இறுதியில் இலங்கை நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளில் மூழ்கியது. 2016இல் தொடங்கிய திட்டத்தினால் கூரைமேற் சூரிய மின்சாரம் விரைந்து பரவியது; அதற்கேற்ற சேமிப்பும் வலையமைப்பும் வளரவில்லை. எனவே 2025இல் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைந்த பகல் வேளைகளில் கூரைமேல் நிலையங்களை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்க நேர்ந்தது. எரிபொருளின்றி இருண்ட நாடு, மூன்றே ஆண்டுகளில், கிடைத்த வெயிலை வீணாக்க வேண்டியதாயிற்று.

இத்திட்டத்தில் இணையக் கூரை சொந்தமாக இருத்தல் வேண்டும். முதலீட்டுக்குப் பணமும் வேண்டும். தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் அறைகளின் கூரை பெரும்பாலும் அவர்களுடையதன்று. 1918இல் விமலசுரேந்திரா எடுத்துரைத்த நீர்மின் திட்டம் 1950இல் லக்சபானாவில் அரசின் முயற்சியாய் உருப்பெற்றது. அது பொதுவுடைமையாய்ப் பிறந்தும், மலையகத்து ஆறுகள் தந்த மின்சாரம் நெடுங்காலம் அருகிலிருந்த லயன்களுக்குள் நுழையவில்லை. ஆகவே அரசின் உடைமை மட்டும் போதாது. பங்கீடு யாருடைய தீர்மானத்தில் நிகழ்கிறது என்பதும் வினாவாக வேண்டும். பாடசாலைக் கூரைகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் தோட்டக் குடியிருப்புகளையும் முதலிடத்தில் வைக்கும் ஒரு திட்டம் இத்தொழில்நுட்பத்தால் இன்று சாத்தியம். அத்தகடுகளின் விலை அதற்குத் தடையாக நின்ற காலம் கடந்துவிட்டது.

சூரியக் கலத்தை மலிவாக்கியது பல நாட்டு மக்களின் வரிப்பணமும், ஆராய்ச்சியாளரின் அறிவும், ஆலைத் தொழிலாளரின் கையுமாகும். இதனை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பெக்கரலின் பெயரையும் 1839ஆம் ஆண்டையும் கரும்பலகையில் எழுதுவதோடு நின்றுவிடலாகாது. உங்கள் வீட்டு விளக்கு எரிய யார் உழைத்தார், அதன் விலையை யார் நிர்ணயித்தார், அடுத்த வீட்டில் அது ஏன் எரியவில்லை என்று மாணவரைக் கேட்கச் செய்யுங்கள். வருங்காலச் சூரியத் தொழில் யாருக்குரியதாகும் என்பதை, அவ்வினாவைக் கேட்கக் கற்ற மக்களே தீர்மானிப்பர்.